மலையிலிருந்து கோட்டைக்கு ஒரு கேள்வி: அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பது எப்படி?

எங்கள் ஊர் கோத்தகிரிக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர் சாலை. அதில் கடைசி அரைக் கிலோமீட்டர் காப்புக்காட்டுக்குள் போகிறது. ஐப்பசி மழை பிடித்தால் பச்சைத் தேயிலை ஏற்றிய ஜீப் அந்த அரைக் கிலோமீட்டரில் ஏறாது. கர்ப்பிணிப் பெண்களைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்திருக்கிறோம்.

பல வருடம் மனு கொடுத்தோம். ஒருமுறை பெருமுயற்சி எடுத்து, ஒரு சட்டமன்ற உறுப்பினர் மூலம் அதைப் பேரவையில் கேள்வியாகவே எழுப்ப வைத்தோம். "அச்சாலை இத்துறையின் பராமரிப்பில் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பதில் உண்மைதான். முதல் இரண்டரைக் கிலோமீட்டர் ஊராட்சி ஒன்றியச் சாலை, மீதி வனத்துறை நிலம். நாங்கள் கேட்டதோ வேறொரு துறை அமைச்சரை. ஒரு கூட்டத்தொடர் முழுவதும் வீணானது.

அன்றிலிருந்து, கேள்வி எழுதுவதை ஒரு வேலையாகவே எடுத்துக் கற்றுக்கொண்டேன். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இருப்பவர்கள் அதே தவறைச் செய்யாமலிருக்க, தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மனு வேறு, கேள்வி வேறு

மனுவுக்குப் பதில் சொல்வது அதிகாரியின் விருப்பம்போல ஆகிவிடுகிறது. அனுமதிக்கப்பட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் பதில் சொல்லியே ஆக வேண்டும். காரணம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்பு என்கிறது 75(3). மாநில அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டுப் பொறுப்பு என்கிறது 164(2). அமைச்சர் சொல்லும் பதில் அச்சாகி அவைக் குறிப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். தெரிந்தே பொய் சொன்னால் உரிமை மீறல் பிரச்சினை எழுப்பலாம். அதனால்தான் துறைகள் ஒரு கேள்வித்தாளுக்கு அவ்வளவு பதறுகின்றன.

1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் வந்தபோதுதான் இந்த நாட்டில் கேள்வி கேட்கும் உரிமையே முதலில் கிடைத்தது. பதில் வந்ததும் அதையொட்டி உடனே கேட்கும் துணைக் கேள்விக்கான உரிமை 1909 வரை வரவில்லை, அதுவும் முதலில் கேள்வி கேட்டவருக்கு மட்டும். அவ்வளவு மெல்ல மெல்லக் கிடைத்த ஒன்று. 1957-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா நிறுவனங்களில் போட்ட முதலீடு பற்றி மக்களவையில் எழுந்த கேள்விதான் வளர்ந்து வளர்ந்து, மறு ஆண்டே நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகும் வரை போனது.

எந்த அவை, எந்த அமைச்சர்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். மலைப்பகுதியில் இது சமவெளியைவிடச் சிக்கல்.

தேயிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்பது நம் வீடுகளில் தினமும் கேட்கும் பேச்சு. அதை யாரிடம் கேட்பது? குன்னூரில் அலுவலகம் வைத்திருக்கும் தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மாதாமாதம் அறிவிக்கும் இலை விலை, விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் இடையே விலையைப் பங்கிடும் முறை, இவை பற்றிய கேள்வி நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும். ஆனால் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் அவற்றின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வும் மாநிலத்தின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறையின் கீழ் உள்ளவை. அங்கத்தினர்களுக்கு இலைப் பணம் பாக்கி என்றால் கேள்வி சென்னைக்கு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கப்பட்ட டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமோ மாநில வனத்துறையின் கீழ் வருகிறது. டேன்டீ தொழிலாளர் குடியிருப்பைப் பற்றித் தொழில் துறை அமைச்சரிடம் கேட்டால் பதில் வராது. ஒரே செடி, மூன்று அமைச்சர்கள்.

மற்றவையும் அப்படித்தான். மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலின் கட்டணமும் மண்சரிவால் ரத்தாகும் சேவையும் ரயில்வே அமைச்சரின் பொறுப்பு. வெலிங்டன் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) எல்லைக்குள் குடிநீர் வரவில்லை என்றால் பாதுகாப்பு அமைச்சகம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தது. பழங்குடிப் பட்டியலில் ஒரு சமூகத்தைச் சேர்ப்பது மத்திய அரசின் வேலை. பழங்குடிக் குடியிருப்புக்கு வீடு கட்டுவது மாநிலத்தின் வேலை. கூடலூரிலிருந்து மைசூரு போகும் சாலையில் பந்திப்பூர் காட்டுக்குள் இரவில் வண்டி போகத் தடை இருப்பதைப் பற்றிக் கேட்க நினைத்தால், சாலை தேசிய நெடுஞ்சாலை, காடு கர்நாடகத்தினுடையது. நம் மாநில அமைச்சரிடம் "கர்நாடக அரசுடன் என்ன பேசினீர்கள்" என்று மட்டுமே கேட்க முடியும்.

குழப்பமாக இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. மானியக் கோரிக்கை (துறைக்கான நிதியைப் பேரவையிடம் கேட்பது) நாளன்று தமிழக அரசின் ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகத்தைப் பேரவையில் வைக்கும். அரசு இணையதளத்திலும் கிடைக்கும். உங்கள் பிரச்சினை எந்தத் துறையின் புத்தகத்தில் வருகிறதோ, அந்த அமைச்சர்தான் உங்கள் ஆள். நான் இப்போதெல்லாம் அதைப் புரட்டாமல் பேனாவைத் தொடுவதில்லை.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

ஏற்கெனவே வெளியாகியுள்ள ஆவணத்தில் இருக்கும் தகவலைக் கேட்டால் கேள்வி தள்ளுபடியாகும். முன்பே பதில் சொன்ன கேள்வியையும் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே முதலில் நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சகத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பழைய கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கும். மாநில விஷயம் என்றால் பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.). பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. ஆர்.டி.ஐ.யில் கோப்பில் உள்ளதை வாங்கலாம். "ஏன் செய்யவில்லை, எப்போது செய்வீர்கள்" என்பதற்கு அதில் பதில் கிடைக்காது, அது அமைச்சர் சொல்ல வேண்டியது. எனவே ஆர்.டி.ஐ.யில் எண்களை வாங்கி வைத்துக்கொண்டு, அவையில் காரணத்தைக் கேட்பதுதான் சரியான வரிசை.

நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பொருளைக் கேட்க முடியாது என்ற விதி நம் மலைகளை ரொம்பவே கட்டிப்போடுகிறது. ஜென்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களின் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் கூடலூர் ஜென்ம நிலச் சட்டம் 1969-இல் வந்தது. அதன் 17-ஆம் பிரிவின் கீழ் வரும், உரிமை முடிவாகாத குத்தகை நிலங்கள் இன்றும் தீராத தலைவலி. நாடு முழுவதும் காட்டு நிர்வாகத்தையே மாற்றிய கோதவர்மன் வழக்கும் 1995-இல் கூடலூர்க் காடுகளிலிருந்துதான் கிளம்பியது. இந்த விஷயங்களில் "நிலம் யாருக்குச் சொந்தம்" என்று கேட்டால் வழக்கைக் காட்டிக் கதவை மூடிவிடுவார்கள். ஆனால் "17-ஆம் பிரிவு நிலங்களில் மின் இணைப்பு கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, நிராகரிக்கப்பட்டவை எத்தனை" என்பது நிர்வாகக் கேள்வி. வெளியூர் வண்டிகள் மலையேற இணையத்தில் வாங்க வேண்டிய இ-பாஸும் அதே மாதிரி. 2024 மே மாதம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது உயர் நீதிமன்ற உத்தரவால். உத்தரவு சரியா என்று கேட்க முடியாது. சோதனைச் சாவடிகளில் எத்தனை பணியாளர், எத்தனை வண்டி திருப்பி அனுப்பப்பட்டது என்று கேட்கலாம்.

கேள்வியை எழுதுவது

சட்டப்பேரவையில் காலங்காலமாக ஒரு வடிவம் இருக்கிறது: "இன்ன ஊரில் இன்னது அமைக்க அரசு ஆவன செய்யுமா?" கேட்க மரியாதையாக இருக்கும். ஆனால் "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்று பதில் சொல்லிவிட்டு அமைச்சர் உட்கார்ந்துவிடலாம். கேட்டவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பந்தலூர் அரசு மருத்துவமனையை வைத்து ஒரு உதாரணம் சொல்கிறேன். "பந்தலூர் மருத்துவமனையைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா?" என்று கேட்பதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: (அ) அந்த மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, (ஆ) இன்றைய தேதியில் நிரப்பப்பட்டவை எத்தனை, (இ) கடந்த மூன்று ஆண்டுகளில் உதகைக்கோ கோவைக்கோ மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள் ஆண்டுவாரியாக எத்தனை பேர், (ஈ) காலியிடங்கள் எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும்? இதற்கு "பரிசீலனையில் இல்லை" என்று சொல்ல வழியே இல்லை. எண் சொல்ல வேண்டும். எண் வந்துவிட்டால் தரம் உயர்த்துவது பற்றிய பேச்சு தானாகவே வரும்.

மக்களவை விதிகளில் 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. வாதம், ஊகம், ஏளனம், யார் மீதும் பழி எதுவும் இருக்கக் கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தையோ, "ஒருவேளை இப்படி நடந்தால்" என்ற கற்பனை நிலையையோ கேட்கக் கூடாது. கோபத்தை எல்லாம் உறுப்பினரிடம் நேரில் கொட்டிவிடுங்கள், தாளில் வேண்டாம்.

ஒரு தாளில் ஒரு பொருள். சாலை, பள்ளிக்கூடம், காட்டுமாட்டுத் தொல்லை மூன்றையும் ஒரே கேள்வியில் திணித்தால் மூன்று துறைக்குப் போக வேண்டிய தாள் எங்கும் போகாது.

யார் கையில் கொடுப்பது

கேள்வி கேட்கும் உரிமை உறுப்பினருக்கு மட்டும்தான். நாம் வரைவு எழுதிக் கொடுக்கலாம், கையெழுத்து அவருடையது. நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என்று மூன்று பேரவைத் தொகுதிகள். கொடைக்கானல் மலை பழனித் தொகுதிக்குள் வருகிறது. நாடாளுமன்றத்துக்கு நீலகிரித் தொகுதி, அந்தப் பக்கம் திண்டுக்கல்.

ஆனால் உங்கள் தொகுதிக்காரரிடம் மட்டும்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் உறுப்பினரே அமைச்சராகிவிட்டால் அவர் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்பவராகிவிடுவார். குன்னூர் உறுப்பினர் கா. ராமச்சந்திரன் 2021-இல் வனத்துறை அமைச்சரானார். அப்படிப்பட்ட நேரங்களில் பக்கத்துத் தொகுதிக்காரரையோ, எதிர்க்கட்சி உறுப்பினரையோ தயங்காமல் பாருங்கள். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொகுதி என்று ஒன்று இல்லாததால் யாரும் மனுவோடு தேடிப் போவதில்லை. நான் அறிந்தவரை, அவர்கள் நல்ல வரைவை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்கள்.

போகும்போது வரைவோடு ஒரு பக்கப் பின்னணிக் குறிப்பும், ஆர்.டி.ஐ. பதில்களின் நகலும் இருக்கட்டும். உதவியாளரிடமும் ஒரு பிரதி கொடுங்கள், தாளைப் பூர்த்தி செய்து அனுப்புவது பெரும்பாலும் அவர்தான். பணம், பரிசு என்ற பேச்சே எழக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள்.

காலத்தையும் கவனியுங்கள். நாடாளுமன்றத்தில் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் பதில் சொல்ல வாரத்தில் ஒரு நாள்தான். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது.

நட்சத்திரம் வேண்டுமா, வேண்டாமா

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்துப் பதில் மட்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 எழுத்துக் கேள்வி. மாநிலங்களவையில் 15, 160. யார் கேள்வி முதலில் என்பது குலுக்கலில் முடிவாகும். இருபதில் பாதிகூடப் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில் வாய்மொழிக்கு எட்டாது. எட்டாதவற்றுக்கும் எழுத்துப் பதில் உண்டு.

எண்கள்தான் வேண்டும் என்றால் எழுத்துக் கேள்வியே போதும், ஆண்டுவாரி அட்டவணையோடு விரிவாகவே வரும். அமைச்சரின் வாயிலிருந்து ஒரு வாக்குறுதி வேண்டும் என்றால் மட்டும் நட்சத்திரத்துக்கு முயலுங்கள்.

தாள் மலை ஏறி வரும்

கேள்வி அனுமதிக்கப்பட்டதும் தலைமைச் செயலகத்திலிருந்து துறைத் தலைவருக்கும், அங்கிருந்து ஆட்சியருக்கும், கோட்டாட்சியருக்கும், வட்டாட்சியருக்கும் போகும். கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் உங்கள் ஊருக்கே வந்து "எத்தனை வீடு இருக்கிறது" என்று விசாரிப்பார். நாடாளுமன்றக் கேள்வியானாலும் உள்ளூர்த் தகவல் வேண்டுமென்றால் மாநில அரசிடம்தான் கேட்டு வாங்குவார்கள். அவையில் கேள்வி வாய்மொழிக்கு வராமல் போனாலும் இந்தப் பயணம் நடந்தே தீரும். பல வருடம் தூங்கிய கோப்பு இந்த இரண்டு வாரத்தில் எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஊரில் விவரம் தெரிந்த ஒருவர் அந்த நாட்களில் இருக்கட்டும். விசாரிக்க வருபவரிடம் சரியான கணக்கைக் கொடுங்கள். அவர் எழுதும் எண்தான் அமைச்சரின் பதிலில் அச்சாகும்.

துணைக் கேள்வி

அவையில் நிஜமான சோதனை இதுதான். முதல் பதிலை அதிகாரிகள் எழுதியிருப்பார்கள், அமைச்சர் வாசிப்பார். துணைக் கேள்விக்குத் தயார்ப் பதில் முழுதாக இருக்காது. அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும் நேரம் அது. மக்களவையில் கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள், அப்புறம் அவைத்தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம்.

உறுப்பினருக்கு மூன்று சீட்டு எழுதிக் கொடுங்கள். பதில் "ஆம்" என்றால் கேட்க ஒன்று, "இல்லை" என்றால் ஒன்று, மழுப்பினால் ஒன்று. மழுப்பலுக்கான சீட்டில் ஆர்.டி.ஐ.யில் வாங்கிய எண் இருக்கட்டும். உங்களிடம் உள்ள வலுவான எண்ணை மூலக் கேள்வியிலேயே காட்டிவிடாதீர்கள். துணைக் கேள்வி மூலக் கேள்வியின் பொருளை விட்டு வெளியே போகவும் கூடாது. நீண்ட பேச்சாகவும் வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும்.

கேள்வி நேரத்தைத் தவிர வேறு வழிகளும் உண்டு. மண்சரிவு, யானை தாக்கி உயிரிழப்பு போன்ற அவசர விஷயத்துக்குப் பேரவையில் விதி 55-இன் கீழ் கவன ஈர்ப்பு. மக்களவையில் அது விதி 197. மக்களவையில் விதி 55 என்பது வேறு: கேள்வி நேரத்தில் கிடைத்த பதில் போதவில்லை என்றால் கேட்கும் அரை மணி நேர விவாதம். எண் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம் (கேட்ட நிதியைக் குறைக்கக் கோருவது) கொடுக்கலாம். பேரவையில் விதி 110-இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ வெளியிடும் அறிவிப்பில் மட்டும் விவாதமோ கேள்வியோ கிடையாது. அறிவித்தது நிறைவேறியதா என்று பிறகு தனிக் கேள்வி கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

பதிலைப் படிப்பது, விடாமல் பிடிப்பது

பதில் வந்ததும் பலர் பத்திரிகைச் செய்தியோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதி வேலை அதற்குப் பிறகுதான்.

"நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் இந்த ஆண்டு பணம் இல்லை என்று எடுத்துக்கொண்டு, வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் மறுபடி வாருங்கள். "கருத்துரு பெறப்பட்டால் பரிசீலிக்கப்படும்" என்பது நல்ல பதில். கருத்துருவை அனுப்ப வேண்டியவர் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் ஆட்சியரோ துறையின் மாவட்ட அதிகாரியோதான். அந்தப் பதிலின் நகலோடு அவரிடம் போய் நில்லுங்கள். "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று மத்திய அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பதிலில் தவறான தகவல் இருந்தால், அதைச் சுட்டிக்காட்ட மக்களவைத் தலைவரின் 115-ஆம் நெறியுரை வழி தருகிறது.

நம் பேரவைக்கும் உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு, பொதுக் கணக்குக் குழு எல்லாம் உண்டு. இவை மாவட்டங்களுக்கு நேரில் வருகின்றன. உதகைக்கோ திண்டுக்கல்லுக்கோ உறுதிமொழிக் குழு வருவதாக ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பு வந்தால், அன்று எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு, அமைச்சரின் பதில் நகலோடு போய்விடுங்கள்.

எங்கள் சாலைக்கு இரண்டாவது முறை எழுதிய கேள்வி இது. வன உரிமைச் சட்டம், 2006-இன் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால் சாலைக்கு ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் தர வழி செய்கிறது. வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரை ஒட்டி இருளர் குடியிருப்பு இருக்கிறது. எனவே இப்படிக் கேட்டோம்: (அ) நீலகிரி மாவட்டத்தில் அப்பிரிவின் கீழ் சாலை கேட்டுக் கடந்த ஐந்து ஆண்டுகளில் கிராம சபைகளிடமிருந்து வந்த விண்ணப்பங்கள் எத்தனை, (ஆ) அனுமதிக்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை, நிலுவையில் உள்ளவை எத்தனை, (இ) நிலுவைக்குக் காரணங்கள் யாவை, (ஈ) எந்தத் தேதிக்குள் முடிவெடுக்கப்படும்?

எழுத்துப் பதிலில் எங்கள் ஊர் நிலுவைப் பட்டியலில் இருந்தது. காரணம்: கூட்டுப் புலத்தணிக்கை நடக்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் அந்தப் பதிலை வாசித்து, தணிக்கைக்குத் தேதி கேட்டுத் தீர்மானம் போட்டோம். மறு மாதமே வனத்துறையும் வருவாய்த் துறையும் ஒன்றாக வந்து அளந்தார்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தது எங்கள் ஊர்ப் பையன்கள். எல்லைக்கல் நட்டாகிவிட்டது. தார் எப்போது என்பது அடுத்த கேள்வியின் (அ) பிரிவு.